வலிப்பு நோயும் தாய்மையும்

வலிப்பு நோயுள்ள பெண் கருவுற்றால் மருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா? இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் 1998-ஆம் ஆண்டில் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. தாயின் சிகிச்சையும் குழந்தையின் வளர்ச்சியும் அதில் தொடர்ந்து பதிவு செய்யப்படுகின்றன.

மகளிரின் ஹார்மோன்கள் மூளையையும் ஆள்கின்றன. ஈஸ்ட்ரோஜன் நரம்பணுக்களின் கிளர்ச்சியைத் தூண்டுகிறது, புரோஜெஸ்டிரோன் தணிக்கிறது. மாதவிலக்கிற்கு முன்னர் புரோஜெஸ்டிரோன் விரைந்து குறைவதால், சிலருக்கு அந்நாட்களில் வலிப்பு மிகுகிறது.

கருவுற்ற காலத்தில் நிலைமை மேலும் சிக்கலாகிறது. ஈஸ்ட்ரோஜன் பெருகும்போது, லாமோட்ரிஜின் என்னும் மருந்தைக் கல்லீரல் விரைவாக வெளியேற்றிவிடுகிறது. எனவே, வழக்கமான அளவில் உட்கொண்டாலும் மூளையை எட்டும் மருந்து குறைந்து, அடங்கியிருந்த வலிப்பு மீளக்கூடும். மறுபுறம், வால்ப்ரோயேட் என்னும் மருந்து குழந்தைக்குப் பிறவிக் குறைகளை விளைவிக்கக்கூடும். அதற்கு அஞ்சித் தாய் தானாகவே மருந்தை நிறுத்தினால், கடும் வலிப்பு இருவர் உயிருக்கும் ஆபத்தாக முடியலாம்.

ஆகவே, கருவுறுமுன்னரே மருத்துவரை நாடி, ஏற்ற மருந்தைத் தேர்ந்து, ஃபோலிக் அமிலமும் உட்கொண்டு, பேறுகாலம்வரை மருந்தின் அளவைச் சீர்செய்துவருதல் வேண்டும். இவ்வாறு கண்காணிக்கப்படும் மகளிருள் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே ஈன்றெடுக்கின்றனர்.