மூன்று எழுத்துச் சொல்லுக்கு 645 அர்த்தம்!

ராயபுரம் முதல் எண்ணூர் வரை "ரன்" ஓடும் ஓட்டம்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களில் ஒன்று "ரன்". ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. "ரன் என்றால் ஓடு" என்று வாத்தியார் சொல்கிறார். பிள்ளையும் பத்துத் தடவை எழுதி மனப்பாடம் செய்கிறது. அதோடு அந்தச் சொல் முடிந்தது என்று நினைக்கிறோம்.

முடியவில்லை!

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அகராதி என்ற பெரிய அகராதி இருக்கிறது. அதன் ஆசிரியர்களில் ஒருவர் பீட்டர் கில்லிவர். "ரன்" என்ற இந்த ஒரு வினைச்சொல்லின் அர்த்தங்களைப் பிரித்து எழுத அவர் உட்கார்ந்தார். எழுந்திருக்க ஒன்பது மாதம் ஆயிற்று. மொத்தம் 645 அர்த்தம்! 2011-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளியானது. படித்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

அதற்கு முன் அந்தப் பெருமை "செட்" என்ற சொல்லுக்கு இருந்தது. 1989-ல் வந்த பதிப்பில் அதற்கு 430 அர்த்தம். பின்னால் வந்த "ரன்" அதை முந்திவிட்டது. பெயருக்கு ஏற்ற வேலை!

ஏன் இத்தனை அர்த்தம்?

அந்தக் காலத்தில் ஓடியவை மனிதன், குதிரை, ஆறு, அவ்வளவுதான். பிறகு நீராவி யந்திரம் வந்தது. ரயில் வந்தது. மோட்டார் வந்தது. மின்சாரம் வந்தது. கம்ப்யூட்டரும் வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும், "இது வேலை செய்கிறது" என்று சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. வெள்ளைக்காரர்கள் கைக்கு அருகில் கிடந்த "ரன்" என்ற சொல்லையே எடுத்து எல்லாவற்றுக்கும் மாட்டிவிட்டார்கள்.

ஆகவே இந்தச் சொல்லைப் படிக்க நல்ல பள்ளிக்கூடம், யந்திரம் ஓடும் ஊர்தான். ரயில், துறைமுகம், பாக்டரி மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும் வட சென்னையைவிடப் பொருத்தமான இடம் ஏது?

ஓடாத "ரன்னிங் ரூம்"

ராயபுரத்தில் தொடங்குவோம். 1856-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் ஓடிய முதல் பயணிகள் ரயில் அதுதான். அந்த ஸ்டேஷன் கட்டிடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

ரயில் "ரன்" ஆகிறது என்றால் ஓடுகிறது. இதில் சிக்கல் இல்லை. ஆனால் ரயில்வேயில் "ரன்னிங் ரூம்" என்று ஓர் இடம் உண்டு. அங்கே யாரும் ஓடுவதில்லை. ரயிலை ஓட்டிவந்த டிரைவரும் கார்டும் குளித்து, சாப்பிட்டு, படுத்துத் தூங்கும் இடம் அது! ஓடும் வண்டியில் வேலை பார்ப்பவர்களுக்கு "ரன்னிங் ஸ்டாப்" என்று பெயர். அவர்கள் ஓய்வு எடுக்கும் அறை ஆனதால் "ரன்னிங் ரூம்".

இன்னொன்றும் கேட்டிருப்பீர்கள். "வண்டி ரன்னிங் லேட்" என்று ஸ்டேஷனில் அறிவிப்பார்கள். அந்த வண்டி அப்போது எங்கேயோ சிக்னலுக்காக நின்றுகொண்டு இருக்கும். நின்றாலும் "ரன்னிங்"தான்! இங்கே அந்தச் சொல்லுக்கு, குறித்த நேரப்படி நடக்கிறதா இல்லையா என்பதே பொருள்.

"ரன்" என்றால் நின்றுபோவது!

துறைமுகத்துப் பக்கம் வந்தால் வேடிக்கை இன்னும் அதிகம். கப்பல் "ரன் அக்ரவுண்டு" என்றால் தரைதட்டி நின்றுவிட்டது என்று அர்த்தம். "ஓடு" என்ற சொல்லே "அசையாமல் நின்றது" என்று ஆகிவிடுகிறது.

இது ஏட்டில் மட்டும் உள்ள சொல் அல்ல. 2012-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி நீலம் புயல் அடித்தது. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த "பிரதிபா காவேரி" என்ற எண்ணெய்க் கப்பலைக் காற்று இழுத்துச் சென்றது. பெசன்ட் நகர்க் கரை அருகே அது தரைதட்டி நின்றது. உயிர் தப்பப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் கடலில் மாண்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தச் செய்தியை "ரன்" என்ற சொல்லை வைத்துத்தான் எழுதின.

"ரன் இன்டு" என்று ஒன்று உண்டு. கடைத்தெருவில் பழைய நண்பனைத் தற்செயலாகச் சந்தித்தாலும் "ரன் இன்டு". வண்டியோடு வண்டி மோதினாலும் "ரன் இன்டு". ஒன்றில் சிரிப்பு, மற்றொன்றில் அழுகை.

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று துறைமுகத்தை விட்டுப் போன கப்பல். மற்றொன்று உள்ளே வந்த கப்பல். எண்ணெய் கொட்டிக் கடற்கரை கறுத்தது. தொண்டர்களும் தொழிலாளர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். மீன் வாங்கவே மக்கள் பயந்தார்கள். வலை வீசிப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடி விழுந்தது. அதற்கும் ஆங்கிலத்தில் சொல் "ரன் இன்டு"தான்!

புது வண்டியும் நிலக்கரியும்

திருவொற்றியூருக்குப் போவோம். 1955-ம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்து நாட்டு ராயல் என்பீல்டு கம்பெனியோடு சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கியது. திருவொற்றியூரில் பாக்டரி எழுந்தது. "புல்லட்" மோட்டார் சைக்கிள் அங்கிருந்துதான் நாடெங்கும் போயிற்று.

புது மோட்டார் சைக்கிளை வாங்கியவுடன் பறக்கவிடக்கூடாது. முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டவேண்டும். உள்ளே இருக்கும் புது உறுப்புகள் ஒன்றோடு ஒன்று உரசிப் பழகவேண்டும். இப்படிப் பழக்குவதற்கு "ரன்னிங் இன்" என்று பெயர். பார்த்தீர்களா? "ரன்" என்றாலும் மெதுவாகப் போ என்று பொருள்!

"ரன் ஆன்" என்பதும் அப்படித்தான். "இந்த லாரி டீசலில் ரன் ஆகிறது" என்றால் டீசல்மேல் உருண்டு போவதாக அர்த்தம் இல்லை. டீசலைக் குடித்து வேலை செய்கிறது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்படும்வரை நிலக்கரியில் "ரன்" ஆயிற்று. நிலையம் ஓரடிகூட நகரவில்லை!

சாயம் ஓடிய கதை

வண்ணாரப்பேட்டை, கும்பினிக்காரர்கள் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியிருந்த பேட்டை. சென்னைத் துணி அப்போதே கப்பல் ஏறியது. துணிக்கும் "ரன்" உண்டு. சாயம் போனால் ஆங்கிலத்தில் "கலர் ரன்" ஆகிறது என்பார்கள்.

1958-ல் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குச் சென்னைக் கட்டம் போட்ட துணி போயிற்று. விற்றவர் கேப்டன் கிருஷ்ணன் நாயர். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவியவர் அவர்தான். அந்தத் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் பதமாக அலசவேண்டும். வாங்கியவர்களுக்கு அந்த விஷயம் எட்டவில்லை. யந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். சாயம் ஓடியது! கோபம் கிளம்பியது.

வியாபாரிகள் கெட்டிக்காரர்கள். "ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் புது நிறம் காட்டும் துணி. சாயம் கசியும் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம்!" என்று விளம்பரம் செய்தார்கள். குறையே பெருமை ஆயிற்று. விற்பனை பெருகியது.

நிற்பதா? ஓடுவதா?

வீட்டுக்குள்ளும் இந்தச் சொல் நுழைகிறது. பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் "ரன்னிங் நோஸ்". காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தால் "ரன்னிங் எ டெம்பரேச்சர்". குழாயில் தண்ணீர் வந்தால் "ரன்னிங் வாட்டர்". ஏரி வற்றினால் "ரன் டிரை". 2019-ம் ஆண்டுக் கோடையில் புழலும் சோழவரமும் வற்றியபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் சென்னையைப் பற்றி இந்தச் சொல்லைத்தான் எழுதின. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த தாய்மார்களுக்கு அதன் பொருளை அகராதி பார்த்துச் சொல்லவேண்டியதில்லை.

தேர்தலில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் வேட்பாளர் "நிற்கிறார்". அமெரிக்காவில் அதே வேட்பாளர் "ஓடுகிறார்". அதாவது "ரன்" செய்கிறார். நம் ஊரிலும் நிற்கத்தான் செய்கிறார்கள். ஓடுவது எல்லாம் ஓட்டுக் கேட்கும்போதுதான்!

தமிழும் சளைத்தது அல்ல

இதைப் படித்துவிட்டு "என்ன மொழி இது!" என்று சிரிக்கவேண்டாம். நம் "ஓடு" என்ற சொல்லைப் பாருங்கள். கடிகாரம் ஓடுகிறது. சினிமா நூறு நாள் ஓடுகிறது. உடம்பில் ரத்தம் ஓடுகிறது. காலம் ஓடுகிறது. "ஒன்றும் ஓடவில்லை" என்றால் மனம் வேலை செய்யவில்லை. "பிழைப்பு எப்படி ஓடுகிறது?" என்று கேட்டால் யாரும் எழுந்து ஓடிக் காட்டுவதில்லை. ஓடையும் ஓடமும்கூட இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

வ.உ.சிதம்பரம் பிள்ளையைக் கப்பல் ஓட்டிய தமிழன் என்கிறோம். அவர் சுக்கான் பிடித்து ஓட்டவில்லை. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். கம்பெனியை நடத்துவதற்கும் ஆங்கிலத்தில் "ரன்"தான். தமிழனும் வெள்ளைக்காரனும் சொல்லிவைத்தாற்போல் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள்!

உயிரைக் காக்கும் அர்த்தம்

இவ்வளவும் வேடிக்கை. இனி வருவது வேடிக்கை அல்ல.

பாக்டரியில் ஒரு பலகை தொங்குகிறது. "மிஷின் ரன்னிங்கில் இருக்கும்போது துடைக்காதே" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். "ரன்னிங் என்றால் ஓடுவது" என்று அவனுக்குத் தெரியும். மிஷினைப் பார்க்கிறான். ஓடுவதாகத் தெரியவில்லை. துணியை எடுத்துத் துடைக்கப் போகிறான்.

இங்கேதான் ஆபத்து! கண் ஏமாற்றும். டியூப் லைட் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு தடவை துடிக்கக்கூடியது. அந்த வெளிச்சத்தில், வேகமாகச் சுழலும் கடைசல் யந்திரம் சில சமயம் நின்றுவிட்டதுபோல் தோன்றும். காற்றழுத்தும் கம்ப்ரசர் தானே நிற்கும். அழுத்தம் குறைந்ததும் தானே கிளம்பும். நிற்கிறதே என்று கை வைத்தால் விரல் போகும்.

அந்தப் பலகையில் உள்ள "ரன்னிங்" என்ற சொல்லைக் கண்ணுக்குத் தெரியும் ஓட்டம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. சுவிட்ச் போட்டிருக்கிறது, மின்சாரம் இருக்கிறது என்றாலே யந்திரம் "ரன்னிங்" என்று நினைக்கவேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் அதைப் போட முடியாதபடி பூட்டிய பிறகே தொடலாம்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதை உணர்ந்து எழுதப்பட்டது. இயங்கும் யந்திரத்தின் அருகே எண்ணெய் விடுவது போன்ற வேலைகளைத் தனிப் பயிற்சி பெற்று, இறுக்கமான உடை அணிந்தவரே செய்யவேண்டும் என்றது. சட்டப்படி வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்கவேண்டும் என்றும் சொன்னது. ஒரு சொல் புரியாததால் ஒரு கை போகக்கூடாது என்ற எண்ணம்தான்.

கற்பது எப்படி?

645 அர்த்தத்தையும் மனப்பாடம் செய்யவேண்டுமா? வேண்டாம். வெள்ளைக்காரனுக்கே அத்தனையும் தெரியாது. இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலில், "ரன்" ஆவது எது என்று பாருங்கள். ஆளா, ஆறா, யந்திரமா, கம்பெனியா, சாயமா? அதிலேயே பாதிப் பொருள் விளங்கிவிடும்.

அடுத்து, பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல்லைப் பாருங்கள்:

ரன் அவே: தப்பி ஓடு.
ரன் அவுட்: தீர்ந்துபோ. கிரிக்கெட்டில் ஆட்டம் இழப்பது.
ரன் ஷார்ட்: பற்றாக்குறை ஆகு.
ரன் ஓவர்: வண்டி ஏற்றிவிடு. ஒரு தடவை மேலோட்டமாகப் படி.
ரன் இன்டு: மோது. எதிர்பாராமல் சந்தி.
ரன் டிரை: வற்றிப்போ.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது சொல்லைத் தனியாகத் தராதீர்கள். முழு வாக்கியமாகத் தாருங்கள். பெரியவர்கள் வேலை இடத்தில் புரியாத பலகையைக் கண்டால் மேஸ்திரியிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. ஆக்ஸ்போர்டு ஆசிரியருக்கே இந்த ஒரு சொல்லைப் பிடிக்க ஒன்பது மாதம் ஆயிற்றே!