பானெட்டுக்குக் கீழே – 9: கிலோமீட்டர் சொல்லாத கணக்கு

அரவைக் காலத்தில் பண்ருட்டியிலிருந்து கடலூருக்குக் காரில் கிளம்புகிறவர்கள், இத்தனை மணிக்கு வந்துவிடுவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. மேல்பட்டாம்பாக்கம் பக்கம் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் வந்து சேரும். கட்டுகள் இரண்டு பக்கமும் பிதுங்க, பாதி ரோட்டை எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும். நாம் பின்னால் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்வோம்.

அந்த டிராக்டரில் இருக்கும் மீட்டரைக் கவனித்திருக்கிறீர்களா? இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அது காட்டும். பல டிராக்டர்களுக்கு 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது வழக்கம். ஆலை வாசல் வரிசையில் இன்ஜினை அணைக்காமல் நின்றாலும் கணக்கு ஏறும். நம் காரிலோ கிலோமீட்டர் மட்டும்தான். நின்றபடி உறுமிய நேரம் அதில் சேராது.

இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தத் தூரத்துக்கு 250 மணி ஆகும், டிராக்டர் கணக்கேதான். 20இல் ஊர்ந்தால் 500 மணி. அதே ஆயில், இரண்டு மடங்கு உழைப்பு.

அண்ணாகிராமம் பக்கத்து ஊர்களில் கார் எதற்கு எடுக்கிறோம்? பிள்ளையைப் பள்ளியில் விட, பண்ருட்டி கடைத்தெருவுக்கு, திருவதிகை கோயிலுக்கு. இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் இடம் வந்துவிடும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாக மோர் போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது அந்த ஈரம். போதாததற்குச் செம்மண் புழுதி. காரோடு கொடுத்த கையேட்டில் ‘கடினமான பயன்பாடு’ என்று ஒரு பக்கம் இருக்கும். யாரும் படிப்பதில்லை. குறுகிய தூரம், புழுதி, ஊர்ந்து செல்லும் போக்குவரத்து என்று அங்கே எழுதியிருப்பது நம் ஊரைத்தான். என் கணக்கு: 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம்.

“ஆயில் கருத்துடுச்சு சார், மாத்திடலாம்” என்று சொல்வதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். டீசல் இன்ஜினில் ஊற்றிய சில நாளிலேயே கரி கலந்து கருத்துவிடும். அழுக்கைத் தன்னோடு ஏந்திக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று.

ஏந்தியதை வடிகட்டுவது ஃபில்டர். 1923இல் அமெரிக்காவில் வந்த பியூரொலேட்டர் என்ற ஃபில்டர்தான் கார்களுக்கு இதைப் பழக்கியது. அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜினில் கிண்ணம் போன்ற ஒரு கூடு. உள்ளிருக்கும் எலிமென்ட்டை மட்டும் மாற்றலாம். மாருதி 800இல் தகர டப்பாவையே திருகிக் கழற்றி எறியும் வகை. ஸ்விஃப்ட் டீசலில் மறுபடி கூடும் காகித எலிமென்ட்டும் திரும்பி வந்தன. ஸ்ப்ளெண்டர் பைக்கில் காகிதமே கிடையாது, சுழற்சியில் அழுக்கு ஓரமாக ஒதுங்கிவிடும்.

டப்பா வகையை ஒருமுறை அறுத்துப் பார்த்தேன். விசிறி மடிப்பாகக் காகிதம். விளிம்பைச் சுற்றியுள்ள சிறு ஓட்டைகள் வழியே ஆயில் நுழைந்து, காகிதத்தைக் கடந்து, நடு ஓட்டை வழியே இன்ஜினுக்குப் போகிறது. காகிதம் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்துவிடும். இன்ஜின் பட்டினி கிடக்காது, அழுக்கு ஆயிலைக் குடிக்கும். புது ஆயில் ஊற்றிவிட்டுப் பழைய ஃபில்டரை விட்டுவைப்பது குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுவது மாதிரி. ஐந்நூறு ரூபாய்க்குள் முடிகிற சமாசாரம் பல கார்களில்.

ஒரு பட்டறையில் என் பழைய மாருதிக்கு ஃபில்டர் மாற்றினார்கள். பழைய டப்பாவின் ரப்பர் வளையம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அதன் மேலேயே புதியதை மாட்டிவிட்டார்கள். இரண்டு வளையம் எப்படி இறுகும்? நான்கு கிலோமீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்த்தால் ரோட்டில் நெடுக ஒரு கறுப்புக் கோடு. உடனே அணைத்ததால் இன்ஜின் பிழைத்தது. அன்றிலிருந்து பழைய வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே புதியதைத் திருக விடுகிறேன்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை புரண்டதே, அப்படி வண்டி முழுகினால் கிலோமீட்டர், மணி எதுவும் கணக்கில்லை. சாவியைத் தொடாதீர்கள். ஆயில் ஸ்டிக்கை உருவினால் பால் விட்ட காபி நிறம் தெரிகிறதா? மெக்கானிக்கை வரவழைத்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, சிலிண்டருக்குள் தண்ணீர் இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அடுத்த முறை ஆயில் மாற்றும்போது ஒரு மார்க்கர் பேனாவை எடுத்துப் போங்கள். புது ஃபில்டர் டப்பாவின் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் நீங்களே எழுதிவிடுங்கள். அடுத்த வாரம் ஏர் ஃபில்டர்.