பிரெஞ்சு நோட்டில் தப்பே இல்லை!

"ஹோம்ஒர்க் நோட்டுல ஒரு தப்புகூட இல்லே. பரீட்சையில மட்டும் ஏம்மா இப்படி?" என்று பிரெஞ்சு டீச்சர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒன்பதாவது படிக்கும் என் பெண் 40-க்கு 11 வாங்கியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, டிபன் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டேன். அழுதுவிட்டாள். "செல்போன்ல கேள்வியைப் போட்டா ஏ.ஐ. எழுதிக் கொடுத்துடும்மா. பார்த்து எழுதிடுவேன். இப்ப எதுவுமே புரியலே."

ஆறு மாதமாக இதே கதை! அழகான அந்த நோட்டைப் பார்த்துப் பூரித்துப் போனவள் நான்தான்.

போனைப் பிடுங்கி வை என்றார் என் கணவர். ட்யூஷனுக்கு வசதியில்லை, எனக்கோ பிரெஞ்சில் ஓர் எழுத்துத் தெரியாது. டீச்சர்தான் வழி சொன்னார். "போன் இருக்கட்டும். விடை கேட்காம, தப்பை மட்டும் காட்டச் சொல்லுங்க."

அன்றிலிருந்து சமையலறையில்தான் பாடம். முதலில் அவளே பென்சிலால் ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். அப்புறம்தான் போன். "திருத்திக் கொடுக்காதே. எங்கே தப்பு, ஏன் தப்பு என்று மட்டும் தமிழில் சொல்" என்று கேட்க வேண்டும்.

'எனக்கு 14 வயது' என்பதை ஆங்கிலத்தைப் போல நினைத்து 'ழ சுயி' என்று ஆரம்பித்திருந்தாள். பிரெஞ்சில் '14 வருஷங்களை வைத்திருக்கிறேன்' என்கிற மாதிரி 'ழே' என்று ஆரம்பிக்க வேண்டுமாம். மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பாலாம்! தோசை வார்த்தபடியே நானும் கற்றுக்கொண்டேன். கடைசியில் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

சில எச்சரிக்கைகள்: ஏ.ஐ. தவறான பதிலையும் அடித்துச் சொல்லும். சந்தேகம் வந்தால் பாடப்புத்தகத்தையோ டீச்சரையோ கேளுங்கள். குழந்தையின் பெயர், பள்ளி, போட்டோ எதையும் அதில் போடாதீர்கள். சாட்ஜிபிடி விதிப்படி 13 வயது ஆகியிருக்க வேண்டும்; 18-க்குள் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

அடுத்த பரீட்சையில் 23 வாங்கினாள். நோட்டில் இப்போது சிவப்பு மைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எழுதியதெல்லாம் அவளே எழுதியது.

சகோதரிகளே, நோட்டு சுத்தமாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கு என்ன அர்த்தம், சொல்லேன்" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதற்கு நமக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை.