பன்னீர் திராட்சையும் 'இதயத்துக்கு நல்ல' ஒயினும்

"சிங்கப்பூர்லேருந்து தம்பி ரெட் ஒயின் கொண்டாந்திருக்கான். இதயத்துக்கு நல்லதாமே, ராத்திரி ஒரு கிளாஸ் சாப்பிடலாமா டாக்டரய்யா?" காரைக்குடிப் பக்கம் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பதிலுக்கு முன், அந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

கறுப்புத் திராட்சையை நசுக்கிப் பாருங்கள். சாற்றில் அவ்வளவாக நிறம் இருக்காது. நிறமெல்லாம் தோலில்தான். தோல், கொட்டையோடு சேர்த்துப் பல நாள் புளிக்க வைப்பதால்தான் ரெட் ஒயினுக்கு அந்தச் சிவப்பும், நாக்கைப் பிடித்திழுக்கும் துவர்ப்பும் வருகின்றன. பழத்தின் சர்க்கரை ஆல்கஹாலாக மாறிவிடும். சாதாரணமாக 12 முதல் 14 சதவீதம் இருக்கும்.

இனி, ஊருக்கு ஊர் குணம் மாறுவது ஏன்? பிரான்சின் போர்தோ பக்கம் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. நம் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்குத் தூக்கமே கிடையாது! மலைச் சாரல், செம்மண், 1895 முதல் வரும் பெரியாற்றுத் தண்ணீர், முறைவைத்துக் கவாத்து. ஆகவே ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும். அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ரோஜாவில் உள்ள அதே ஜெரானியால் என்ற மணப்பொருள் இதிலும் உண்டு. பன்னீர் என்ற பெயர் பொருத்தம்தான். இதில் ஒயின் செய்தால் மணம் தூக்கலாக, நிறமும் துவர்ப்பும் குறைவாக இருக்கும். போர்தோ ஒயினின் அழுத்தம் வராது. (ஒரு விஷயம்: ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கூட்டும். செட்டிநாட்டுக் கோழிக்கு ஒயின் ஜோடியே அல்ல.)

சரி, இதயம்? கொழுப்பு நிறையச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் ஒயின் என்ற பேச்சு 1991, 92 வாக்கில் உலகமெங்கும் பரவியது. அளவாகக் குடிப்பவர்கள் பலரும் வசதியானவர்கள், நல்ல சாப்பாடு சாப்பிடுபவர்கள் என்பது பிறகு உறைத்தது. பெரிதாகப் பேசப்பட்ட ரெஸ்வெரட்ரால் ஒயினில் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. பெண்களுக்கு மார்பகப் புற்று அபாயம் கொஞ்சம் குடித்தாலும் கூடும்.

அதைவிட எனக்குக் கவலை, மாத்திரை டப்பாதான். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு, சரியாகச் சாப்பிடாமல் ஒயின் குடித்தால் நடுராத்திரியில் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். வியர்வை, தடுமாற்றம் வந்தால் 'போதை' என்று வீட்டார் தூங்க விட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேதான்! தூக்க மாத்திரை, வார்ஃபரின் சாப்பிடுபவர்களும், ஈரல் நோயுள்ளவர்களும் தொடவே வேண்டாம்.

"அப்ப திராட்சாரிஷ்டம் மட்டும் கொடுக்கறீங்களே?" என்பீர்கள். அதிலும் புளிப்பில் ஊறிய ஆல்கஹால் உண்டு, மறைக்கவில்லை. அது வைத்தியர் அளந்து, தண்ணீர் கலந்து, சில நாளுக்குக் கொடுக்கும் மருந்து. ஈரல் கெட்டவருக்கு நான் அதையும் கொடுப்பதில்லை.

துவர்ப்பின் பலன் வேண்டுமா? பன்னீர் திராட்சையை உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, நன்றாக அலசி, தோலும் கொட்டையுமாக மென்று சாப்பிடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு பழம் போதும், அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம்.