ஊசிக்குப் போட்ட கட்சிக் கரை

2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். பென்னாகரம் தொகுதியில், சாலை இல்லாத கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை முதுகில் கட்டி ஏற்றினார்கள். பத்து நாளில் இன்னொரு சேதி. நடிகர் விவேக் 15-ஆம் தேதி சென்னையில் கோவாக்சின் என்ற கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17 அதிகாலை இறந்தார். இந்தச் சேதி மலையேறக் கழுதை வேண்டாம், சிக்னல் கிடைக்கிற ஒரு மேடு போதும்.

‘ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பு.’ இதில் பொய்யே இல்லை. ‘அதனால்’ என்ற சொல்லை மட்டும் படிக்கிறவர் மனமே நடுவில் சேர்த்துக்கொள்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். விவேக்கின் இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் பிறகு ஆராய்ந்து, ஊசி காரணமல்ல என்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் சாதாரண காலத்திலேயே ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் ஆறு பேர் இறக்கிறார்கள். 2021 செப்டம்பர் 12 அன்று ஒரே நாளில் 28.91 லட்சம் பேருக்கு ஊசி போட்டார்கள். சராசரிப்படி அவர்களில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மறுநாள் இறந்தாக வேண்டும், ஊசிக்குள் இருந்தது வெறும் தண்ணீரே ஆனாலும்! எனக்கு இந்தக் கணக்கு இன்றும் பிரமிப்புதான்.

அந்த நாற்பதில் எது தலைப்புச் செய்தி ஆகும் என்பதை அரசியல் தீர்மானிக்கிறது. மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் முடிவு வருமுன்பே, 2021 ஜனவரி 3-இல் கோவாக்சினுக்கு அனுமதி கொடுத்தார்கள். கேள்வி கேட்க வேண்டிய இடம்தான். ஆனால் கேட்டவர்கள் விஞ்ஞானிகளை அவமதிப்பதாக மத்தியில் ஆளும் பாஜக தரப்பு சொன்னது. அனுமதிக்கு முந்தைய நாளே சமாஜ்வாதி கட்சித் தலைவர் அகிலேஷ் யாதவ், பாஜகவின் ஊசி எனக்கு வேண்டாம் என்றிருந்தார். வேட்டிக்குப் போடுகிற கட்சிக் கரையை ஊசிக்கும் போட்டாயிற்று. மார்ச் 3-இல் 81 சதவீதச் செயல்திறன் என்ற இடைக்கால முடிவு வந்தபோது பலர் ஏற்கெனவே பக்கம் பிரிந்திருந்தார்கள். பிடித்த சேதியை மனம் அப்படியே விழுங்கும். பிடிக்காததைச் சல்லடையில் போட்டுச் சலிக்கும்.

இப்படிப் பக்கம் பிரிந்ததன் விலை ஒரு சின்னக் குப்பியில் தெரியும். இன்னொரு கொரோனா ஊசியான கோவிஷீல்டின் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருந்தது. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டியிருந்தது. விவேக் மறைவுக்கு முன்பே, ஏப்ரல் 11 வரையிலான கணக்கில், தமிழ்நாட்டில் 12 சதவீதம் மருந்து வீணாகியிருந்தது. ஐஸ் பெட்டியோடு வந்த நர்சம்மா திண்ணையைப் பார்க்கிறார். ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். குப்பி இன்னும் திறக்கப்படாமல் கையில் இருக்கிறது.