ஐந்து கிராம் கணக்கு

புதுக்கோட்டை நகரிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், காரைக்குடி ஆகிய ஊர்களை நோக்கிப் பிரியும் சாலைகளின் ஓரத்தில் உள்ள டயர் கடைகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் ‘கம்ப்யூட்டர் வீல் அலைன்மென்ட், வீல் பேலன்சிங்’ என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். கணினி இருப்பதால் பிழைக்கு இடமில்லை என்று வாகன உரிமையாளர் நம்புவது இயல்பே. ஆனால், வீல் பேலன்சிங் எந்திரத்தின் கணினிக்குத் தெரிந்தது மிகக் குறைவு: தன் தண்டில் எது மாட்டப்பட்டுச் சுழல்கிறதோ, அதன் எடை எந்தப் பக்கம் மிகுந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். மிகுந்திருப்பது டயரின் எடையா, ரிம்மில் காய்ந்து ஒட்டிய மண்ணா, சக்கரத்தைத் தண்டின் மையத்தில் நிறுத்தும் கோன் சரியாகப் பொருந்தாததால் வந்த பிழையா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. ஆகவே, சக்கரம் சுழலத் தொடங்குவதற்கு முன் பணியாளரின் கை என்ன செய்தது என்பதைப் பொறுத்தே திரையில் தெரியும் எண்ணின் மதிப்பு அமைகிறது.

எந்தச் சக்கரமும் சுற்றிலும் ஒரே சீரான எடையுடன் அமைவதில்லை. டயருக்குள் ரப்பர், நைலான், எஃகு இழை ஆகியவற்றின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இணையும் இடங்களும், ரிம்மில் பற்றவைப்பு விழுந்த இடமும் காற்றடைக்கும் வால்வு அமர்ந்த இடமும் சில கிராம் எடை வேறுபாட்டைத் தந்துவிடுகின்றன. இந்த வேறுபாடு இரு வகைப்படும். சக்கரத்தின் ஒரு புள்ளியில் எடை கூடியிருந்தால், அந்தப் புள்ளி மேலும் கீழும் வரும்போதெல்லாம் சக்கரம் துள்ள முயலும். சுழலாமல் தொங்கவிட்டாலும் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும் என்பதால் இது நிலைச் சமனின்மை எனப்படுகிறது. உட்புற விளிம்பில் ஓரிடத்திலும் வெளிப்புற விளிம்பில் அதற்கு நேர் எதிரிடத்திலும் எடை கூடியிருந்தாலோ, நின்ற நிலையில் சக்கரம் சமமாகவே இருப்பதாகத் தோன்றி, சுழலும்போது மட்டும் இடவலமாக உதறும். இயக்கச் சமனின்மை எனப்படும் இந்த இரண்டாவது வகையைச் சுழற்றிப் பார்க்காமல் கண்டறிய முடியாது. எந்திரம் தேவைப்படுவதும் இதனால்தான்.

சில கிராம் எடைக்கு இத்தனை ஏற்பாடு ஏன் என்ற கேள்விக்கு மையவிலக்கு விசை விடை தருகிறது. சுழலும் பொருளை மையத்தைவிட்டு வெளியே இழுக்கும் இந்த விசை, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். சிறிய கார்களில் பரவலாக உள்ள 14 அங்குலச் சக்கரத்தின் ரிம் விளிம்பில் 30 கிராம் மிகை எடை இருப்பதாகக் கொண்டால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை முக்கால் கிலோ எடைக்கு நிகரான விசையுடன் இழுக்கிறது. 80 கிலோமீட்டரில் 3 கிலோவாகவும், 100 கிலோமீட்டரில் ஏறத்தாழ நாலே முக்கால் கிலோவாகவும் அந்த இழுப்பு பெருகிவிடுகிறது. இழுப்பு ஒரே திசையில் நிலைத்து நிற்பதும் இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 12 முறை சுற்றுவதால், விநாடிக்கு 12 முறை மேலும் கீழுமாகத் திசை மாறுகிறது. காரின் சக்கரமும் அச்சுப்பகுதியும் டயரின் காற்றுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே இயல்பாகத் துள்ளக்கூடிய வீதம் பெரும்பாலும் விநாடிக்கு 10 முதல் 15 முறை என்ற எல்லைக்குள் அமைவதால், 80 முதல் 100 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் இரண்டும் ஒத்திசைந்து அதிர்வு பன்மடங்காகிறது. ‘எண்பதுல ஸ்டியரிங் ஆடுது, நூறத் தாண்டுனா நின்னுடுது’ என்று ஓட்டுநர்கள் சொல்லும் குறை கற்பனையன்று. இந்த ஒத்திசைவின் துல்லியமான வருணனை அது.

புதுக்கோட்டையின் நகரத் தெருக்களுக்குள் மட்டும் ஓடும் கார் பல மாதங்கள் சமனின்மையைக் காட்டிக்கொள்ளாமல் இருந்துவிட்டு, விராலிமலை வழியாகச் செல்லும் திருச்சி – மதுரை நான்குவழிச் சாலையில் ஏறிய சிறிது நேரத்தில் உதறத் தொடங்குவதற்கும் காரணம் இதுவே. 1912-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கும் இடையே பேருந்து விட்டபோது, அக்காலச் சாலையும் வேகமும் இருந்த நிலைக்குச் சக்கரத்தின் சில கிராம் வேறுபாடு ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது.

வாடிக்கையாளர் பலர் பேலன்சிங்கையும் அலைன்மென்ட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு. அலைன்மென்ட் என்பது நான்கு சக்கரங்களும் ஒன்றுக்கொன்றும் சாலைக்கும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைச் சரிசெய்வது. அது கெட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும், டயரின் ஓரப் பட்டன்கள் மட்டும் தேயும். பேலன்சிங் கெட்டால் இழுப்பு இராது, அதிர்வே இருக்கும். அதிர்வு ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரங்களையும், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரங்களையும் முதலில் ஐயுறுவது பட்டறை வழக்கம்.

சுழலும் பொருளை இரு தளங்களில் அளந்து சமன்செய்யும் எந்திரத்தை ஜெர்மனியின் பிரான்ஸ் லாவாசெக் 1907-இல் வடிவமைத்தார். டார்ம்ஸ்டாட் நகரின் ஷெங்க் நிறுவனம் அதை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதே கோட்பாட்டில் இயங்கும் டயர் கடை எந்திரங்கள் இன்று புதுச்சேரியின் மானாடெக் உள்ளிட்ட இந்திய நிறுவனங்களாலும் தயாரிக்கப்படுகின்றன. எந்திரத்தின் உள்ளமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. கிடைமட்டமாக நீண்ட தண்டு ஒன்று. அதைத் தாங்கும் இரு இடங்களில், அழுத்தம் பட்டால் மின்சாரம் எழுப்பும் படிகங்களைக் கொண்ட இரு உணரிகள். தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ஒளிக்கதிரால் எண்ணும் வட்டு ஒன்று. மோட்டார் சக்கரத்தை நிமிடத்துக்கு 100 முதல் 200 சுற்று வேகத்தில் சுழற்ற, ஒவ்வொரு சுற்றிலும் உணரிகள் பெறும் உதைப்பு எந்தக் கோணத்தில் உச்சத்தைத் தொடுகிறது என்பதிலிருந்து, உள்விளிம்பில் எத்தனை கிராம், வெளிவிளிம்பில் எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்று சில விநாடிகளில் கணக்கிடப்படுகிறது.

இனி, கையின் வேலை. முதற்பணி சுத்தம். நார்த்தாமலை, கீரனூர்ப் பகுதிகளின் கல்குவாரிச் சாலைகளில் ஓடிய டயரின் பட்டன் இடுக்குகளில் சல்லித் துண்டுகள் சிக்கியிருக்கும். ஆலங்குடிப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சென்றுவந்த வண்டியின் ரிம்மில் செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும். இரண்டையும் அகற்றாமல் சுழற்றினால் எந்திரம் மண்ணையும் சேர்த்துச் சமன்செய்துவிடும். அடுத்த மழையில் மண் கரைந்து விழுந்ததும், ஒட்டிய எடையே புதிய குறையாக மாறும். பழைய எடைகளையும் அப்போதே கழற்றிவிட வேண்டும். காற்றழுத்தம் குறைந்திருந்தால் டயர் ரிம்மில் சீராக அமர்ந்திராது என்பதால் அதையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். பஞ்சரைத் தானாக அடைக்கும் என்று ஊற்றப்படும் திரவம் டயருக்குள் இருந்தால், அது ஒவ்வொரு சுழற்சியிலும் வெவ்வேறிடத்தில் தேங்குவதால், எத்தனை முறை ஓட்டினாலும் எண் நிலைக்காது. அத்தகைய டயரைக் கழற்றித் துடைக்காமல் பேலன்சிங் செய்வது காசுக்குக் கேடு.

அடுத்தது, சக்கரத்தைத் தண்டில் மாட்டுவது. மிகுந்த கவனம் வேண்டியதும் மிகுந்த அவசரத்தில் செய்யப்படுவதும் இந்தப் படிதான். ரிம்மின் நடுத்துளையில் கூம்பு வடிவக் கோன் ஒன்றைச் செருகி, வெளியே லாக் நட்டை இறுக்குவதன் மூலம் சக்கரத்தின் மையமும் தண்டின் மையமும் ஒன்றாக்கப்படுகின்றன. டயரும் ரிம்மும் சேர்ந்து 15 கிலோ எடையுள்ள சக்கரம், நடுத்துளையின் விளிம்பில் உள்ள துருவினாலோ கோனில் ஒட்டிய அழுக்கினாலோ 0.1 மில்லிமீட்டர், அதாவது ஓர் எழுதுதாளின் தடிமன் அளவு, மையம் விலகி உட்கார்ந்தால், இல்லாத 8 கிராம் சமனின்மையை எந்திரம் உண்டென்று காட்டும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: எடைகளைப் பொருத்தித் திரையில் பூஜ்யம் வந்தபின் நட்டைத் தளர்த்தி, தண்டை அசைக்காமல் சக்கரத்தை மட்டும் அரைச்சுற்று திருப்பி, மீண்டும் இறுக்கி ஓட்ட வேண்டும். பூஜ்யத்தை ஒட்டியே எண் நின்றால் மாட்டியது சரி. 15, 20 என்று தாவினால் அதுவரை சமன்செய்யப்பட்டது சக்கரம் அன்று, மாட்டிய பிழை. இந்தச் சோதனைக்குச் செலவாகும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவே என்றபோதும், வாடிக்கையாளர் கேட்டாலொழியச் செய்யப்படுவது அரிது.

பிறகு மூன்று அளவுகளை எந்திரத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்திரத்தின் பக்கவாட்டிலிருந்து இழுக்கும் அளவுகோல், ரிம்மின் உள்விளிம்பு எந்திரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்று காட்டும். இடுக்கி போன்ற வளைந்த காலிப்பர் ரிம்மின் அகலத்தைக் காட்டும். விட்டம் டயரின் பக்கச்சுவரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 165/80 ஆர்14 என்ற குறிப்பில் 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு, இறுதியில் உள்ள 14 என்பதே அங்குலத்தில் ரிம்மின் விட்டம். டயரின் அகலத்தையே ரிம்மின் அகலமாக எண்ணிப் பதிவது புதியவர்கள் செய்யும் தவறு. விட்டத்தில் ஓர் அங்குலம் பிழைத்தால் எடையில் ஓரிரு கிராம் மட்டுமே மாறும். தொலைவும் அகலமும் பிழைத்தாலோ உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் எடையைப் பங்கிடும் கணக்கே தடம்புரண்டு, ஓரிடத்தில் ஒட்டியதும் வேறோரிடத்தில் புதிய எடையைத் திரை கேட்கும். சக்கரம் முழுவதும் துண்டு துண்டாக எடை ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டால், அந்தப் பட்டறையில் அளவுகள் சரியாகப் பதியப்படவில்லை என்று பெரும்பாலும் ஊகித்துக்கொள்ளலாம்.

எந்திரத்தின் பாதுகாப்பு மூடியைச் சக்கரத்தின்மேல் இறக்கியதும் சக்கரம் சுழலும். மூடி திறந்திருந்தால் எந்திரம் ஓடாதபடி வைத்துள்ள சுவிட்சை ஏதேனும் ஒன்றால் அழுத்தி ஏமாற்றி ஓட்டும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. டயரிலிருந்து தெறிக்கும் ஒரு சல்லி கண்ணைப் பறிக்கப் போதும். சுழற்சி நின்றபின் பணியாளர் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்ப, திரையின் விளக்குகள் முழுவதும் எரியும் இடத்தில் நிறுத்தி, மணிக்காட்டியின் 12 நிற்கும் உச்சிப் புள்ளியில் எடையைப் பொருத்துகிறார். இரும்பு ரிம்முக்குக் கிளிப் எடையைச் சுத்தியலால் தட்டி ஏற்றலாம். அலாய் வீலின் விளிம்பு சேதமாகும் என்பதால் பின்புறம் ஒட்டும் ஸ்டிக்கர் எடையே பயன்படுகிறது. ஒட்டுமிடத்தில் பிரேக் தூசியோ ஈரமோ இருந்தால் நெடுஞ்சாலையில் முதல் நீண்ட ஓட்டத்திலேயே அது கழன்று விழும். கிளிப்புக்கும் ஸ்டிக்கருக்கும் எடை அமரும் தளங்கள் வேறானவை. ஆகவே எந்திரத்திலும் அதற்குரிய முறையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பொருத்தும் இடமும் முக்கியம்: 60 கிராம் எடை உரிய இடத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்தாலே 5 கிராம் குறை மிஞ்சிவிடும். ஒரு விளிம்புக்கு 50, 60 கிராமுக்கு மேல் திரை கேட்கும்போது அனுபவமுள்ள பணியாளர் எடையைத் தேடிப் போவதில்லை. டயரை ரிம்மிலிருந்து நெகிழ்த்தி அரைச்சுற்று திருப்பி அமர்த்துகிறார். ரிம்மின் கனமும் டயரின் கனமும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால், அவை எதிரெதிராகிப் பெரும்பகுதி தானே கழிந்துவிடும். புதிய டயர்கள் சிலவற்றில் உள்ள மஞ்சள் புள்ளி, டயரின் எடை குறைந்த இடத்தைக் குறிப்பது. அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றுவதும் இதே நோக்கத்தில்தான்.

இரண்டாம் ஓட்டத்தில் திரை ‘00’ என்று காட்டினால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. எடைகள் 5 கிராம் படிகளில் கிடைப்பதால், பெரும்பாலான எந்திரங்கள் அதற்குக் குறைந்த மிச்சத்தைப் பூஜ்யமாகவே காட்டும்படி அமைக்கப்பட்டுள்ளன. உண்மையான மிச்சத்தைக் காண அவற்றில் தனிப் பொத்தான் இருக்கும். எந்திரமும் காலப்போக்கில் தடம் மாறக்கூடியது. எடையின்றி ஒருமுறை, வெளிவிளிம்பில் 100 கிராம் பொருத்தி ஒருமுறை, அதை உள்விளிம்புக்கு மாற்றி ஒருமுறை என்று சக்கரம் ஒன்றை மூன்று முறை ஓட்டி அளவுத்திருத்தம் செய்வது பல எந்திரங்களுக்குப் பொதுவான முறை. எந்திரத்தை இடம் மாற்றியபின்போ தண்டில் சக்கரம் மோதியபின்போ இதைச் செய்யாமல் விட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே பிழை பரிமாறப்படும்.

எடைகள் நெடுங்காலமாக ஈயத்தால் ஆனவை. பட்டறைகளில் இன்றும் அவற்றுக்கு ஈயக்கட்டி என்றே பெயர். சாலையில் உதிர்ந்து நசுங்கி மண்ணிலும் நீரிலும் ஈயம் கலப்பதைக் கருதி, ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜூலை முதல் கார்களின் சக்கர எடைகளில் அதைத் தவிர்த்துவிட்டது. அங்கே துத்தநாகமும் இரும்பும் அதன் இடத்தைப் பிடித்தன. ஈயக்கட்டியைக் கையாண்ட பணியாளர் சோப்பால் கை கழுவிய பின்னரே உணவில் கைவைக்க வேண்டும்.

பூஜ்யம் காட்டிய பிறகும் அதிர்வு தொடர்வதுண்டு. எந்திரம் சக்கரத்தை வண்டியிலிருந்து தனியே கழற்றி அளப்பதால், வண்டியின் ஹப்பில் உள்ள துரு, தேய்ந்த டை-ராட் முனைகள், கோணிய பிரேக் டிஸ்க் ஆகியவை அதன் கண்ணுக்கு எட்டாதவை. டயருக்குள் எஃகு அடுக்கு பிரிந்து ஓரிடத்தில் புடைத்திருந்தாலும் எடை சமமாகவே இருக்கக்கூடும். சக்கரம் தண்டில் மெதுவாகச் சுற்றும்போது டயரின் மேற்பரப்பு ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்ப்பதே அதற்குரிய சோதனை. இவ்வாறு பார்த்தும் பிடிபடாதபோது, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இடம் மாற்றி அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள்: அதிர்வு ஸ்டியரிங்கிலிருந்து இருக்கைக்கு நகர்ந்தால் குறை சக்கரத்தில் உள்ளது, ஸ்டியரிங்கிலேயே நின்றால் வண்டி பேலன்சிங் எந்திரத்தைவிட்டு மெக்கானிக்கிடம் போக வேண்டியது.