ஷார்டனே திராக்ஷையும் அதன் ஒயின் வகைகளும்

வெள்ளை ஒயினுக்காகச் சாகுபடியாகும் திராக்ஷை ரகங்களில் ஷார்டனே என்பது உலகெங்கும் பிரசித்தி பெற்றதாகும். பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிப் பிரதேசம் இதன் தாயகம். இதே பெயருடைய கிராமமொன்றும் அங்கே உண்டு. இந்த ரகத்தின் பிறப்பைப் பற்றி வெகு காலம் பல ஊகங்கள் நிலவி வந்தன. 1999-ம் வருஷத்தில் வெளியான மரபணுப் பரிசோதனை அவற்றுக்கு முடிவு கட்டியது. உயர்ந்ததென்று போற்றப்பட்ட பீனோ ரகமும், மட்டமானதென்று இகழப்பட்ட கூயே பிளான் ரகமும் கலந்ததனால் உண்டானதே ஷார்டனே. தோட்டத்தில் ஒதுக்கப்பட்ட கொடியும் நல்ல சந்ததிக்குக் காரணமாகலாம் என்பதற்கு இது தக்க சான்று.

இப்பழத்துக்குத் தனக்கென ஓங்கிய வாசனை அதிகமில்லை. ஆகையால் மண், சீதோஷ்ண ஸ்திதி, அறுவடைக் காலம், நிலவறைப் பக்குவம் ஆகிய நான்கும் ஒயினில் தெளிவாக வெளிப்படுகின்றன.

ஷாப்லீ: பர்கண்டியின் வடகோடியில் உள்ள இவ்வூரின் நிலம், சிப்பிகள் புதைந்து கல்லாகிய சுண்ணாம்புக் களிமண். குளிர் மிகுதியால் பழத்தில் புளிப்பு குறையாமல் நிற்கிறது. பெரும்பாலும் எஃகுத் தொட்டிகளிலேயே நொதிக்க வைப்பதால் மரவாசனை கலப்பதில்லை. எலுமிச்சை, பச்சை ஆப்பிள் இவற்றின் சுவையே மேலோங்கும்.

மேர்ஸோ: சற்றுத் தெற்கேயுள்ள இவ்வூரில் 228 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் நொதிக்க வைத்து, அடியில் தங்கும் மண்டியை அவ்வப்போது கலக்கி விடுவது வழக்கம். பாக்டீரியாக்கள் கூர்மையான மாலிக் அமிலத்தை, தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்போது வெண்ணெய் மணம் பிறக்கிறது.

ஷாம்பேன்: இங்கே சீமைச் சுண்ணாம்பு நிலத்தில் விளையும் பழத்தைப் புளிப்பு மிகுந்திருக்கும்போதே அறுத்து, ஒயினைப் புட்டியிலேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்து நுரைக்கச் செய்கிறார்கள்.

கலிபோர்னியா: வெயில் மிகுந்த இடங்களில் பழம் நன்கு கனிந்து, அன்னாசி போன்ற மணமும் அதிக வீரியமும் பெறுகிறது. 1976-ம் வருஷம் பாரிஸில் பெயர் மறைத்து நடத்திய பரிசோதனையில், ஷாடோ மாண்டலீனாவின் 1973-ம் வருஷத்து ஷார்டனே, பர்கண்டி ஒயின்களை வென்று முதலிடம் பெற்றது. பின்னாளில் பலர் மரவாசனையை மிதமிஞ்சிச் சேர்த்ததனால், இந்த ரகமே வேண்டாம் என்போரும் தோன்றினர். குறை பக்குவத்திலேயன்றிப் பழத்தில் இல்லை.

பயிரிடுவோனுக்குள்ள ஆபத்து: ஷார்டனே சீக்கிரம் துளிர்க்கும் ரகம். ஷாப்லீயில் ஏப்ரல் மாதத்து உறைபனி ஓரிரவில் தளிரனைத்தையும் கருக்கிவிடக் கூடும். திராக்ஷை வேர்ப்பேன், யுத்தம், உறைபனி ஆகியவற்றால் நலிந்த அவ்வூரின் சாகுபடி, 1950-க்குப் பிந்திய வருஷங்களில் சுமார் 500 ஹெக்டேராகச் சுருங்கிற்று. இன்று அது 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்டது. பனியைத் தடுக்கக் கற்றுக் கொண்டது இதற்கு ஒரு முக்கிய காரணம். வரிசைகளிடையே பல நூறு மெழுகுச் சட்டிகளை ஏற்றுகிறார்கள். அல்லது தளிரின்மேல் நீரைத் தூவுகிறார்கள். நீர் உறையும்போது வெளியிடும் உஷ்ணம் தளிரைக் காக்கிறது. விடிந்து பனிக்கட்டி உருகும்வரை தூவலை நிறுத்தலாகாது. நடுவில் நின்றால் சேதம் அதிகமாகும். இவ்வளவு செய்தும் 2021-ம் வருஷத்து ஏப்ரல் பனி பெரும் நஷ்டம் விளைத்தது.

வகைகளை அறியும் முறை: ஷாப்லீ, மேர்ஸோ, கலிபோர்னியா ஒயின்களை இதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிதளவே சுவைத்துப் பார்ப்பது நலம். முதலில் புளிப்பையும், பின்பு மணத்தையும், கடைசியில் மரவாசனையையும் கவனிக்க வேண்டும். மிகையான குளிர்ச்சி வாசனையை அடக்கிவிடும். பர்கண்டிப் புட்டிகளில் ஊரின் பெயரே பெரும்பாலும் காணப்படும். கலிபோர்னியப் புட்டிகளிலோ ரகத்தின் பெயர் இருக்கும். ஆகவே ஊரை அறிந்தாலன்றிப் பழத்தை அறிய இயலாது.

நல்ல ரகத்தைத் தேர்ந்து நட்டுவிட்டால் மட்டும் போதாது. நிலத்தின் குணமறிந்து, காலமறிந்து அறுத்து, அளவறிந்து பக்குவம் செய்பவர்க்கே அந்த ரகம் தன் முழுப் பயனையும் அளிக்கும்.